போடி மலைப்பாதையும் ஒரு தொடைத்தசையும்

எங்க ஊர்ப் பக்கம் யாராவது "அவுக மலைக்குப் போயிருக்காக"ன்னு சொன்னா சுற்றுலான்னு நெனைச்சிடாதீங்க. ஏலக்காட்டுக்கு வேலைக்குப் போயிருக்காங்கன்னு அர்த்தம். போடிநாயக்கனூர்ல இருந்து மேற்கே எங்க நின்னு பார்த்தாலும் மலைதான் தெரியும். அந்த மலை எங்களுக்குக் காட்சி இல்ல, பொழப்பு. எங்க அப்பத்தா சின்ன வயசுல நடந்தே ஏறி, நடந்தே இறங்கின ஆளு. எது கஷ்டம், ஏறுறதா இறங்குறதான்னு கேட்டா ஒரு நொடி கூட யோசிக்காம "எறக்கந்தாண்டா"ம்பாங்க.

பிசிக்ஸ் படிச்ச நமக்கு இது தலைகீழா தெரியும். ஏறுறப்பதானே புவியீர்ப்பை எதிர்த்து வேலை செய்யறோம்? இறங்குறப்ப அதுவே நம்மளைக் கொண்டாந்து விட்டுடணுமே? ஆபீஸ்ல ஆணி புடுங்காத நேரத்துல இந்தக் கேள்வியைப் புடிச்சிக்கிட்டுப் போனேன். ஒரு பக்கம் தசையைப் பத்தின ஆராய்ச்சி வரலாறு, இன்னொரு பக்கம் போடி மலைப்பாதையோட வரலாறு. சர்வர் படுத்துட்டா ரெண்டு லாக் ஃபைலைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு நேரத்தைப் பொருத்திப் பார்ப்போமில்லையா, அந்த மாதிரி இந்த ரெண்டையும் வெச்சுப் பார்த்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க, ஏலக்காய் தட்டிப் போட்டிருந்தா உத்தமம் :-)

முதல்ல ஒரு கணக்கு. ஆள் 60 கிலோ, தலைச்சுமை 20 கிலோ, மொத்தம் 80. குரங்கணியில இருந்து டாப் ஸ்டேஷனுக்குப் போற ஏத்தத்துல ஆயிரம் மீட்டரை மட்டும் எடுத்துக்குவோம். 80 பெருக்கல் 9.8 பெருக்கல் 1000, ஆக 7,84,000 ஜூல். சாப்பாட்டுக் கணக்குல மாத்தினா சுமார் 187 கிலோகலோரி. ஆனா தசையும் ஒரு எஞ்சின் மாதிரிதான். போடுற எரிபொருள்ல கால்வாசிதான் வேலையா மாறும், மிச்சமெல்லாம் சூடாப் போயிடும். அப்ப உண்மையான செலவு 750 கிலோகலோரி. ஒரு இட்லிக்கு அம்பதுன்னு வெச்சா பதினஞ்சு இட்லி.

இப்ப அதே ஆள், அதே சுமையோட, அதே பாதையில இறங்குறார். ரோடால்ஃபோ மார்காரியான்னு ஒரு இத்தாலிக்காரர் சரிவுல நடக்குறவங்க எவ்வளவு ஆக்சிஜன் செலவழிக்கிறாங்கன்னு அளந்து 1938ல எழுதினார். அவர் கண்ட விகிதப்படி, செங்குத்தான இறக்கத்துல ஆகுற செலவு ஏத்தத்துல ஆகுறதுல கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்குதான். அதாவது மூணு இட்லி.

பதினஞ்சு இட்லி எங்கே, மூணு இட்லி எங்கே. கலோரிக் கணக்கை மட்டும் பார்த்துக் கூலி போடுற மேஸ்திரி ஒருத்தர் இருந்தா, அப்பத்தாவுக்கு இறக்கத்துக்குக் கூலியே கொடுத்திருக்க மாட்டார். ஆனா மறுநாள் காலையில திண்ணையில இருந்து எந்திரிக்க முடியாம தொடையைப் புடிச்சிக்கிட்டு உக்கார வெச்சது அந்த மூணு இட்லிப் பயணந்தான். மலையேறிப் பழக்கமில்லாதவங்க ஒருதடவை போயிட்டு வந்தா தெரியும். ஏறுறப்ப மூச்சு வாங்கும், கீழ வந்து சோடா குடிச்சா சரியாயிடும். ரெண்டு நாள் கழிச்சு மாடிப்படி இறங்கக் கைப்பிடியைத் தேட வைக்கிறது இறக்கம்.

சரி, மலைப்பாதை லாகைத் திறப்போம்.

ஏலமலை அந்தக் காலத்துல திருவிதாங்கூர் ராஜ்யம். அங்க விளையுற ஏலக்காய் முழுக்க அரசாங்கத்தோட ஏகபோகம். 1896லதான் அந்த ஏகபோகத்தைக் கைவிட்டாங்க. தோட்டம் போட்டதுலயும் காய் எடுத்ததுலயும் போடி, கம்பம் பள்ளத்தாக்குச் சனங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ராஜ்யம் அந்தப் பக்கம்னாலும் ஆளும் அரிசியும் போனது இந்தப் பக்கமிருந்து. கொஞ்சம் வடக்கே கண்ணன் தேவன் மலை. 1877ல ஜான் டேனியல் மன்றோங்கிற வெள்ளைக்காரர் பூஞ்சார் ராஜாகிட்ட குத்தகைக்கு வாங்கினது. அங்க டீ வந்த பிறகு அதைக் கப்பலுக்குக் கொண்டுபோறது எப்படிங்கிற பிரச்சனை வந்தது. 1902ல மூணாறுல இருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் ஒத்தைத் தண்டவாளம் போட்டாங்க. அதுல வண்டியை இழுத்தது மாடு. 1908ல அதை மாத்திட்டு ரெண்டடி அகலத்துல குட்டி ரயில். டாப் ஸ்டேஷன்ல இருந்து கீழ கொட்டகுடிக்கு ரோப்வே, சுமார் 5 கி.மீ. டீப்பெட்டி கம்பியில தொங்கிக்கிட்டே இறங்கும். மேல டாப் ஸ்டேஷன் இருந்ததால கீழ இருந்த கொட்டகுடிக்கு 'பாட்டம் ஸ்டேஷன்'னே பேரு வந்துடுச்சு. அங்கிருந்து போடிக்கு 15 கி.மீ. வண்டிப் பயணம்.

1924 ஜூலையில பெய்ஞ்ச மழையில அந்தக் குட்டி ரயில் அடிச்சிட்டுப் போயிடுச்சு. மலையாள வருஷம் 1099ங்கிறதால கேரளாவுல இன்னைக்கும் அதுக்கு '99 வெள்ளம்'னுதான் பேரு. நம்ம போடிக்கு ரயில் வந்தது 1928ல. 2010 கடைசியில மீட்டர்கேஜை நிறுத்தினாங்க, அகலப்பாதை ரயில் மறுபடி போடிக்கு வர 2023 ஜூன் ஆச்சு. அதைப் பத்தித் தனியா ஒரு பதிவு புலம்பலாம்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. மாடு, ரயில், ரோப்வே எல்லாமே சரக்குக்கு வந்த வசதி. கங்காணி கூட்டிக்கிட்டுப் போன குடும்பங்கள் சட்டி பானையோட, கைக்குழந்தையோட நடந்துதான் ஏறினாங்க. டீப்பெட்டி நோகாம இறங்கிச்சு, ஆளுங்க நோகத்தான் இறங்கினாங்க. மலைப்பாதை வரலாறு எழுதுறவங்க மாட்டைப் பத்தி எழுதுறாங்க, ரயிலைப் பத்தி எழுதுறாங்க. தொடையைப் பத்தி யாரும் எழுதுறதில்ல.

இப்ப ரெண்டாவது லாக். ஒத்தைத் தண்டவாளம் ஓட ஆரம்பிச்ச அதே 1902ல அமெரிக்காவுல தியோடர் ஹஃப்ங்கிறவர் ஒரு கட்டுரை போட்டார். விரலால ஒரு ஸ்பிரிங்கைத் திரும்பத் திரும்ப இழுக்க வெச்சுச் சோதனை. வேலை செய்யறப்பவே வர்ற வலி வேற, பல மணி நேரம் கழிச்சு மெதுவா வந்து மறுநாள் உச்சத்துக்குப் போற வலி வேறன்னு பிரிச்சுச் சொன்னார். ரெண்டாவது வகைக்குக் காரணம் தசைக்குள்ளயே ஏதோ அறுபடுறதுதான்னும் சொன்னார். சரியான பதில். ஆனா அது அப்படியே ஓரமாக் கிடந்துச்சு. ஏன்னா அடுத்து வந்தது ஒரு பெரிய அலை, லாக்டிக் அமிலம். தசை ஆக்சிஜன் பத்தாம உழைச்சா லாக்டிக் அமிலம் சேரும்னு அளந்து காட்டினதுல ஏ.வி. ஹில், ஓட்டோ மேயர்ஹாஃப் ரெண்டு பேருக்கும் பங்கு உண்டு. தசை பத்தின ஆராய்ச்சிக்காக 1922க்கான நோபல் பரிசும் வாங்கினாங்க. அதுக்கப்புறம் உடம்பு எங்க வலிச்சாலும் பழி லாக்டிக் அமிலத்து மேலதான். இன்னைக்கும் ஜிம்முல மாஸ்டர்கள் இதைத்தான் சொல்றாங்க. ஆனா உழைப்பை நிறுத்தி ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல அது ரத்தத்துல இருந்து வடிஞ்சிடும். மூணாம் நாள் வலிக்கு அதைக் குத்தம் சொல்ல முடியாது. அதுவுமில்லாம மூச்சே வாங்காத இறக்கத்துல லாக்டிக் அமிலம் எங்க இருந்து வரும்?

விஷயத்துக்குள்ள போக தசையைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கணும். வரித்தசை, வரியற்ற தசை, இதயத்தசைன்னு அஞ்சு மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்ணின ஞாபகம் வருதா? எலும்பை அசைக்கிற வரித்தசைதான் நம்ம எடையில கிட்டத்தட்ட நாப்பது சதம். (லத்தீன்ல மஸ்குலஸ்னா குட்டி எலி. நம்மாளுங்க காலுக்குப் பின்னாடி துடிக்கிறதைக் கெண்டை மீன்னு பார்த்திருக்காங்க. எனக்கு மீன்தான் பொருத்தமாப் படுது.) ரோப்வே வடத்தை வெட்டிப் பார்த்தா கம்பிக்கொத்து, கொத்துக்குள்ள கம்பின்னு இருக்குமில்ல, தசையும் அப்படித்தான். தசைக்குள்ள இழைக்கட்டு, கட்டுக்குள்ள இழை, இழைக்குள்ள அதைவிட மெல்லிய நுண்ணிழை. அந்த நுண்ணிழையை நீளவாக்குல பார்த்தா ரயில் பெட்டி கோத்த மாதிரி ஒரே அளவுல குட்டிக்குட்டிக் கட்டம். அதுக்கு சார்கோமியர்னு பேரு. ஒண்ணோட நீளம் ரெண்டு, ரெண்டரை மைக்ரான். பத்து செ.மீ. நீள இழையில நாப்பதாயிரம் பெட்டி வரிசையா மாட்டியிருக்கும். அந்த வரிசைதான் மைக்ராஸ்கோப்புல வரிவரியாத் தெரியுது, அதனாலதான் வரித்தசை.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் தடிச்ச இழை மயோசின், மெல்லிய இழை ஆக்டின். மயோசினுக்கு 1864லயே வில்லி கூன பேரு வெச்சிட்டார். ஆக்டினை ரெண்டாம் உலகப்போர் நடந்துக்கிட்டிருந்தப்ப ஹங்கேரியில செகெட் ஊர்ல, செண்ட்-ஜ்யோர்ஜியோட ஆய்வகத்துல ஸ்ட்ராப் பிரிச்செடுத்தார். ஆனா சுருங்குறது எப்படி? இழைகளே மடங்கிக் குட்டையாகுதுன்னுதான் ரொம்ப காலம் நெனைச்சாங்க. 1954 மே 22 நேச்சர் இதழ்ல ரெண்டு கட்டுரை அடுத்தடுத்து வந்துச்சு. ஒண்ணு ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்கேயும், இன்னொண்ணு ஹ்யூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும். ரெண்டு ஹக்ஸ்லிக்கும் சொந்தம் கிடையாது. ரெண்டு குழுவும் சொன்னது ஒரே விஷயம்: இழை எதுவும் குட்டையாகல. ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கி உள்ள போகுது, அவ்வளவுதான். மயோசின்ல இருந்து நீட்டிக்கிட்டிருக்கிற தலைகள் ஆக்டினைப் புடிச்சு இழுத்து விட்டு, மறுபடி புடிச்சு இழுக்கும். கிணத்துல கயிறை மாத்தி மாத்திக் கைவெச்சு இழுக்குற மாதிரி. ஒவ்வொரு தடவை விட்டுப் புடிக்கவும் ஒரு ஏ.டி.பி. மூலக்கூறு செலவாகும்.

அதே வருஷம், அதே நேச்சர், ஆகஸ்ட் மாசம். சென்னைப் பல்கலைக்கழகத்துல இருந்து ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்தாவும் கொலாஜன் அமைப்பைப் பத்தி எழுதினாங்க. கொலாஜன்தான் தசையை எலும்போட கட்டுற தசைநாணோட மூலப்பொருள். அவங்க எக்ஸ்ரே எடுத்தது கங்காரு வால் தசைநாணை. கங்காரு வாலுக்கு மெட்ராஸ்ல எங்க போறது? அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துல கிடைச்சிருக்கு! மூணு சங்கிலி ஒண்ணையொண்ணு முறுக்கிக்கிட்டு வடம் மாதிரி இருக்குங்கிற பதில் அப்படி வந்ததுதான். இழுக்குற பொறியையும் அதைக் கட்டியிருக்கிற கயிறையும் ஒரே வருஷத்துல உலகம் புரிஞ்சுக்கிச்சு, அதுல கயிறு நம்ம கிண்டி பக்கத்துக் கணக்கு. இதுக்கு ஒரு விசில் அடிச்சிட்டு மேல போவோம்.

இப்ப இறக்கம். தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. ஏறுறப்ப தொடையோட முன்பக்கத் தசை சுருங்கி முழங்காலை நிமித்துது. இறங்குறப்பவும் அதே தசைதான் இழுக்குது, ஆனா நம்ம எடை அதைவிட பலமா எதிர்ப்பக்கம் இழுக்குறதால அது இழுத்துக்கிட்டே நீளுது. பிரேக் போடுது. போடிமெட்டுல இருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவையும் லாரியைச் செகண்ட் கியர்லயே இறக்குறாங்களே, அந்த வேலை. ஏறுறப்ப சேத்து வெச்ச 7,84,000 ஜூலையும் தசை வாங்கிச் சூடாக்கித் தொலைக்கணும்.

இதோட விசித்திரத்தை 1952ல லண்டன்ல ஒரு வேடிக்கையாவே காட்டினாங்க. ரெண்டு சைக்கிளை முதுகோட முதுகா வெச்சு ஒரே செயின்ல கோத்தாங்க. ஒருத்தர் முன்னாடி மிதிக்கணும், இன்னொருத்தர் அதைத் தடுக்கணும். ஆபட், பிக்லண்ட், ரிச்சிங்கிற மூணு பேரோட ஆராய்ச்சி இது. ராயல் சொசைட்டியில செஞ்சு காட்டினப்ப மிதிச்சது ஓர் ஆண், தடுத்தது ஒரு பெண். கொஞ்ச நேரத்துல அவர் நாக்குத் தள்ளி உக்காந்துட்டார், அந்தம்மாவுக்கு வேர்க்கக்கூட இல்ல. தடுக்குற தசைக்கு ஆக்சிஜன் அவ்வளவு கம்மியாத்தான் தேவை. ஏன்னா அதே எடையைத் தாங்க ரொம்பக் கொஞ்சம் இழைகளை எழுப்பினாப் போதும். புடிச்சிருக்கிற மயோசின் தலையும் ஏ.டி.பி. செலவில்லாமலே வெடுக்குன்னு பிய்ஞ்சு விடும்.

சிக்கனம்தான், ஆனா வில்லங்கமும் அங்கதான். கொஞ்சம் ஆள் மொத்தச் சுமையையும் தாங்கினா ஒவ்வொருத்தர் தலையிலயும் எவ்வளவு ஏறும்? நாப்பதாயிரம் பெட்டி வரிசையில பலவீனமா இருக்குற பெட்டி அளவுக்கு மீறி நீண்டு பிய்ஞ்சிடுது. 1981ல சுவீடன்ல ஃப்ரீடேன் குழு, ஆட்களை மாடிப்படியில திரும்பத் திரும்ப இறங்க வெச்சு, கால் தசையில சின்னத் துணுக்கு எடுத்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல பார்த்தாங்க. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவுல நேரா இருக்க வேண்டிய கோடு கலைஞ்சு வழிஞ்சு கிடந்துச்சு. 1902ல ஹஃப் சொன்னதைக் கண்ணால பார்க்க எழுபத்தொன்பது வருஷம். அந்த எழுபத்தொன்பது வருஷமும் எங்க மலையில சனங்க இறங்கிக்கிட்டுத்தான் இருந்தாங்க.

தலைச்சுமையையும் விஞ்ஞானம் லேட்டாத்தான் கவனிச்சுது. 1986ல கென்யாப் பெண்களை அளந்தாங்க. தன் எடையில அஞ்சுல ஒரு பங்கு வரைக்கும் தலையில வெச்சு நடந்தாலும் அவங்களுக்குக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்படல. நடையோட ஊசலாட்டத்துல சக்தியை வீணாக்காம அடுத்த எட்டுக்குக் கொண்டுபோறாங்கன்னு பின்னாடி கண்டுபுடிச்சாங்க. 2005ல நேபாளச் சுமைக்காரங்க. நெத்திப்பட்டையில தொங்கவிட்டு ஆண்கள் சராசரியா தன் எடையில தொண்ணூறு சதத்துக்கு மேல தூக்குறாங்க. நம்ம பக்கம் சும்மாட்டை வெச்சு விறகுக்கட்டோட சரிவுல இறங்குற பொம்பளைங்களை யாரும் இப்படி மாஸ்க் மாட்டி அளந்து நான் படிச்சதில்ல.

ஆனா அளக்காமலே புரிஞ்சுக்கிட்டவங்க இருந்திருக்காங்க. தென் மாவட்டத்துல பழைய சாலையோரம் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீங்க. ரெண்டு கல்லை நட்டு மேல ஒரு கல்லைப் படுக்கப் போட்டிருப்பாங்க. வயித்துல புள்ளையோட செத்துப்போன பெண்ணோட நினைவா நடுறது வழக்கம். அந்தக் கல்லோட உயரத்தைப் பாருங்க, தலையில இருந்து சுமையைச் சரிச்சா நேரா அதுமேல உக்காரும். தலைச்சுமையைத் தரைக்கு இறக்குறதும் திரும்பத் தூக்குறதும்தான் முதுகையும் தொடையையும் கொல்ற வேலை, இறக்குறது முழுக்க அந்தப் பிரேக் போடுற வேலை. அதை மட்டும் கழட்டி எடுத்துட்டாங்க. டிசைன்னா இதுதாங்க டிசைன்.

ஏலக்காட்டு வேலைக்கு வருவோம். ஏலச்செடி ஆளைவிட உயரமா வளரும். ஆனா காய் காய்க்கிற சரம் தூர்ல, மண்ணோட மண்ணாக் கிடக்கும். அதனால காய் எடுக்குறது நின்னு செய்யற வேலையில்ல. சரிவுல குத்துக்கால் போட்டு உக்காந்து, பழுத்தது எது பிஞ்சு எதுன்னு பார்த்துப் பார்த்து எடுக்கணும். நாலஞ்சு கிலோ பச்சைக்காய் எடுத்தாத்தான் ஸ்டோர்ல காய வெச்சப்புறம் ஒரு கிலோ நிக்கும். குத்துக்காலிட்டு அசையாம இருக்குறப்ப தசை நீளவும் இல்ல, சுருங்கவும் இல்ல, சும்மா விறைச்சு நிக்குது. பிசிக்ஸ் கணக்குப்படி வேலை பூஜ்யம்! ஆனா விறைச்ச தசை தனக்குள்ள ஓடுற ரத்தக்குழாயை அழுத்துது. அந்தக் குழாய்ச் சுவர்ல இருக்குறது வரியற்ற தசை. நம்ம பேச்சைக் கேக்காது, தானா விரிஞ்சு சுருங்கி ரத்தத்தைப் பங்கு பிரிக்கும். எந்திரிச்சு ரெண்டு எட்டு வெச்சதும் கால்ல ஜிவ்வுன்னு ரத்தம் பாயுதே, அது இதோட உபயம். குடல்லயும் இதே வகைதான். ஏலக்காய் எண்ணெய் முயல் குடலோட இறுக்கத்தைத் தளர்த்துதுன்னு 1996ல ஒரு ஆய்வு வந்துச்சு. எடுத்தவங்க தொடையை இறுக்கினது குடிச்சவங்க குடலைத் தளர்த்துது, என்னத்தச் சொல்ல.

மூணாவது இதயத்தசை. வரி உண்டு, ஆனா சொல்பேச்சுக் கேக்காது. ஒரு நாளைக்கு லட்சம் தடவை துடிச்சும் அதுக்கு மட்டும் மறுநாள் வலி கிடையாது. அதுக்குத் தாளம் போடுற இடங்களை 1906ல தவாராவும், 1907ல கீத்தும் ஃப்ளாக்கும் கண்டுபுடிச்சாங்க. மூணாறுல தண்டவாளத்துல மாடு இழுத்துக்கிட்டிருந்த நேரம். ஏத்தத்துல அடிவாங்குறது இது. இறக்கத்துல இது பாட்டுக்கு நிம்மதியா இருக்கும், அதனாலதான் நாமளும் இறக்கம் லேசுன்னு ஏமாந்துடறோம்.

இன்னொரு விஷயமும் இருக்கு. கிழிஞ்ச தசை சும்மா இருக்காது. ஒருதடவை இறங்கி வலிச்சா அடுத்த சில வாரத்துக்கு அதே இறக்கம் அவ்வளவா வலிக்காது, இழை தன்னைப் பலப்படுத்திக்கிது. வாரா வாரம் இறங்கினவங்களுக்கு வலி தெரியாததும், இடைவெளி விட்டுச் சீசன் ஆரம்பிக்கிற முதல் வாரம் தெருவே நொண்டி நடந்ததும் இதனாலதான். அப்பத்தா இதை "கால் பழகணும்"னு ரெண்டே வார்த்தையில முடிச்சிடுவாங்க. ஆனா பழகுறது தசைதான். முழங்கால்ல இருக்குற குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டமே கிடையாது, தேய்ஞ்சா அது மாதிரி வளர்ந்து வராது. அப்பத்தாவுக்கு எழுபது வயசுல தொடை இரும்பா இருந்துச்சு, முழங்கால்தான் போயிடுச்சு.

இப்ப நடை இல்ல. விடிகாலையில போடியில இருந்து ஜீப்பு அடைச்சுக்கிட்டு மெட்டு ஏறுது, சாயங்காலம் இறங்குது. தொடைக்கு மிச்சம், குத்துக்கால் அப்படியேதான் இருக்கு. டாப் ஸ்டேஷன்ல ரோப்வே நிலையத்தோட இடிபாடுகளைப் பார்க்கலாம். குரங்கணின்னதும் 2018 மார்ச் காட்டுத்தீதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். அந்தச் சரிவுக்கு அதுக்கு முந்தியும் இவ்வளவு கதை இருக்கு.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்க ஊர்ப் பக்கம் சுமைதாங்கிக் கல்லு நட்டபடியே இருந்துச்சுன்னா ஒரு டேப்பை எடுத்துட்டுப் போய் உயரத்தை அளந்து சொல்லுங்க மக்கா. நாலடியா, நாலரையா, அஞ்சா? மண் ஏறி மூடியிருந்தா அதையும் குறிச்சுக்கோங்க. எத்தனை உயர ஆளுக்காக வெச்சதுன்னு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கணும்.